குப்பை வண்டியும் கணக்கு நோட்டும்



இந்தக் கல்லூரியின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்பிதழில் என் பேச்சுக்குக் 'குப்பையில்லா நகரம்' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. அவ்வளவு பெரிய ஊருக்கு நான் வழி சொல்ல முடியாது. கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். குப்பையை வாங்கித் தரம் பிரித்து விற்கும் மகளிர் குழுக்கள், சிறு சங்கங்கள் சிலவற்றுக்கு இப்போது கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆகவே அந்தக் குழுக்களைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறேன். அவை எதனால் நிற்கின்றன, எதனால் விழுகின்றன, அவற்றுக்கு யார் எப்படித் துணை நிற்கலாம் என்பதே பொருள்.

தணிக்கை அறிக்கையில் முடிவு கடைசியில்தான் வரும். இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுசுழற்சிக் குழுக்களுக்கு நாம் அள்ளிக் கொடுத்திருப்பது விழிப்புணர்வுப் பயிற்சியும் பாராட்டுப் பத்திரமும். அவை கேட்டுக்கொண்டே இருப்பது எழுத்து மூலமான ஓர் ஒப்பந்தமும், மழை ஒழுகாத ஒரு கொட்டகையும், கணக்கு எழுத ஓர் ஆளும். ஊருக்கு ஊர் விவரம் மாறினாலும் குறை இதுதான்.

தொடங்கும் உற்சாகத்துக்கு நம்மிடம் பஞ்சம் இருந்ததில்லை. சென்னையை எடுத்துக்கொள்வோம். 1989ல் வங்கி அதிகாரியான எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பைத் தொடங்கினார். ஒரு தெருவில் குடியிருப்போர் சேர்ந்து சங்கம் அமைப்பார்கள். சங்கம் ஒருவரை வேலைக்கு வைத்து மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கொடுக்கும். அவர் வீடு வீடாகக் குப்பை வாங்கி மாநகராட்சித் தொட்டியில் சேர்ப்பார். வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை. வண்டியில் சேரும் பேப்பரும் பாட்டிலும் அவருக்கே. தொட்டியைக் கிளறிப் பிழைத்துவந்த பலர் இப்படி மாத வருமானத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்' என்று பெயரும் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் சம்பளத்தில் உள்ள குறை தெரியாது என்பது நம் ஊர் நம்பிக்கை. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தெருக்களில் இந்த ஏற்பாடு பரவியது. ஆய்வாளர்கள் வந்து பார்த்துக் கட்டுரை எழுதினார்கள்.

2000ல் மாநகராட்சி, மூன்று மண்டலங்களின் குப்பையை அள்ளும் வேலையை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. எடை கூடினால் வரும்படி கூடும் என்று ஒப்பந்தம் எழுதிய பிறகு, குப்பையைப் பிரிக்கும் அக்கறை ஒப்பந்தக்காரருக்கு எங்கிருந்து வரும்? தெருக்காரர்கள் வேறொன்று கேட்டார்கள்: "கார்ப்பரேஷனே ஆள் வச்சு அள்ளுது, நாம எதுக்குத் தனியாப் பணம் குடுக்கணும்?" நியாயமான கேள்வி. வரி கட்டுகிறவர் கேட்கத்தான் செய்வார். சங்கங்கள் பல இடங்களில் மெல்ல அடங்கின. அந்த வண்டிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் தெரியாது. அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததே இல்லை. அவர்களுக்கும் மாநகராட்சிக்கும் இடையே துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. எக்ஸ்னோராவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வாசலில் குப்பை வாங்கும் பழக்கத்தை நகரத்துக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். ஆனால் கற்றுக்கொண்ட நகரம் ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டது.

அதே காலத்தில் புனேயில் நடந்தது வேறு. எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் வயதுவந்தோர் கல்விப் பிரிவைச் சேர்ந்த பூர்ணிமா சிகர்மனே, லட்சுமி நாராயண் முதலியோர், குப்பை பொறுக்கும் பெண்களுக்கு எழுத்தறிவு புகட்டப் போனார்கள். அந்தப் பெண்களுக்கு அப்போதைய கவலை வேறாக இருந்தது. தொட்டியில் கையை விடாமல் வீட்டு வாசலிலேயே பேப்பரும் பிளாஸ்டிக்கும் கிடைத்தால் போதும். திருடி என்று போலீஸ் விரட்டாமல் இருக்க ஓர் அட்டை இருந்தால் போதும். பல்கலைக்கழகமே அடையாள அட்டை கொடுத்தது. வசதியானவர்கள் வாழும் பகுதியில் சில வீடுகள் பிரித்த குப்பையைக் கொடுக்க இசைந்தன. சில நாளில் தனியார் ஒருவர் வண்டி வைத்து அதே வீடுகளில் சேகரிக்க வந்தார். பிரித்துக் கொடுக்கப் பழக்கியது ஒருவர், பலன் இன்னொருவருக்கா என்று பெண்கள் மறித்தார்கள். அந்தச் சச்சரவில்தான், ஊர் முழுவதும் ஒன்றாகச் சேராவிட்டால் பிழைப்பு நிலைக்காது என்பது புரிந்தது. சுமைதூக்குவோரை ஹமால் பஞ்சாயத்தாகத் திரட்டிய பாபா ஆதவ் தலைமையில் 1993ல் மாநாடு கூடியது. எண்ணூறு பேருக்கு மேல் வந்தார்கள். 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற தொழிற்சங்கம் பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் சேகரிக்கும் உழைப்பாளர்களின் சங்கம் என்று பொருள்.

சங்கம் முதலில் கேட்டது பணம் அல்ல, அங்கீகாரம். 1996ல் சங்கம் வழங்கிய அடையாள அட்டையை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து மருத்துவக் காப்பீட்டுத் தொகையையும் மாநகராட்சி கட்டத் தொடங்கியது. அதற்கு ஒரு கணக்கு பின்னால் இருந்தது. இந்தப் பெண்கள் பிரித்தெடுத்துப் போவதால் மாநகராட்சிக்கு எவ்வளவு வண்டிச் செலவும் கொட்டும் செலவும் மிச்சமாகிறது என்பதை ரூபாயில் போட்டுக் காட்டினார்கள். தணிக்கையாளனாகச் சொல்கிறேன், அலுவலகத்தில் கோப்பை நகர்த்துவது அந்த ஒரு தாள்தான். கண்ணீருக்கு நகராத கோப்பு, மிச்சக் கணக்குக்கு நகரும்.

2000ல் நாடு முழுவதற்குமான நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அல்மித்ரா படேல் 1996ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் விளைவு அது. வீடு வீடாகச் சேகரிக்க வேண்டும் என்று விதி சொன்னது. நல்ல விதிதான். ஆனால் வாசல் சேகரிப்பு ஒப்பந்தக்காரர் கைக்குப் போனால் தொட்டி காலியாகும், பொறுக்குகிறவர் வயிறும் காலியாகும். புனே சங்கம் இதை முன்கூட்டியே உணர்ந்தது. அந்த வேலையை நாங்களே செய்கிறோம் என்று முன்வந்து, 2008ல் மாநகராட்சியோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. அதற்காக உருவான கூட்டுறவுதான் 'ஸ்வச்'. உறுப்பினர்கள் மூவாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் பெண்கள், தலித் சமூகத்தினர்.

இந்த ஏற்பாட்டின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து இருநூறு, முந்நூறு வீடுகளைப் பார்த்துக்கொள்வார்கள். பயன்பாட்டுக் கட்டணத்தை வீட்டுக்காரர் அவர்கள் கையிலேயே கொடுப்பார். மக்காத குப்பையில் விற்கக்கூடியது அவர்களுக்கே. தள்ளுவண்டி, சீருடை, தரம் பிரிக்கும் இடம், மேலாண்மைச் செலவு ஆகியவை மாநகராட்சி பொறுப்பு. கட்டணம் நேரடியாகக் கைக்கு வருவதால், வேலைக்கு வராத அன்று வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. மேற்பார்வையாளர் கூட்டம் தேவைப்படவில்லை.

குறையும் உண்டு. குடிசைப் பகுதியில் கட்டணம் வசூலாகாது. அங்கே மாநகராட்சி மானியம் தந்தால்தான் வேலை நடக்கும். முதலாளி என்று ஒருவர் இல்லாததால் வைப்பு நிதியோ ஓய்வூதியமோ இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் நிச்சயமின்மை. 2013ல் முதல் ஒப்பந்தம் முடிந்ததும் இழுபறி. 2020ஐ ஒட்டி, பெரிய ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது மறுபடி இழுபறி. ஒவ்வொரு முறையும் கூட்டுறவு பிழைத்ததற்குக் காரணம், அதன் பின்னால் தொழிற்சங்கம் தனியாக நின்றது. கூட்டுறவு வேலை பார்க்கும், சங்கம் பேரம் பேசும். ஆணையர் மாறுவார், மேயர் மாறுவார், பழைய கோப்பைத் தெரிந்தவர் ஒருவர் மாறாமல் இருக்க வேண்டும். எக்ஸ்னோரா வண்டிக்காரருக்கு இல்லாமல் போனது இந்தத் துணைதான் என்பது என் கணிப்பு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மாணவர்கள் கையில் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இது கற்பனைக் கணக்கு, ஆனால் நான் பார்க்கும் நோட்டுகளின் சாயல் இதில் உண்டு. ஒரு குழு 500 வீடுகளில் மக்காத குப்பையை வாங்குகிறது. வீட்டுக்கு மாதம் 4 கிலோ என்றால் 2,000 கிலோ. அதில் கால் பங்கு விலை போகாது: பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், கிழிந்த செருப்பு, தெர்மாகோல். மீதி 1,500 கிலோவுக்குச் சராசரியாக 10 ரூபாய் கிடைத்தால் 15,000 ரூபாய். இரண்டு பேர் சம்பளம் தலைக்கு 15,000 வீதம் 30,000. கொட்டகை வாடகை, மின்சாரம், வண்டி எல்லாம் சேர்த்து 8,000. செலவு 38,000, வரவு 15,000. மாதம் 23,000 ரூபாய் குறைகிறது.

'குப்பையிலிருந்து கோடிகள்' என்று எழுதும் பத்திரிகைகள் இந்த 23,000ஐப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு 50 ரூபாய் கட்டணம் வைத்தால் 25,000 வரும், குழு நின்றுவிடும். ஐந்தில் ஒரு வீடு கொடுக்காவிட்டால் வருவது 20,000. குழு மாதம் 3,000 ரூபாய் நஷ்டத்தில் ஓடும். ஓராண்டில் 36,000. அந்த நஷ்டத்தைக் குழுத்தலைவி தன் நகையை அடகு வைத்து ஈடுகட்டுவார். பிறகு ஒருநாள் கதவு சாத்தப்படும். கொடுக்காத அந்த நூறு வீடுகளில் வசூல் செய்ய உள்ளாட்சி துணை நிற்குமா, நிற்காதா என்பதே குழுவின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

விற்பனை விலையாவது நிலையாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பழைய பிளாஸ்டிக்கின் விலை கச்சா எண்ணெயின் பின்னால் ஓடும். எண்ணெய் மலிந்தால் புது பிளாஸ்டிக் மலியும். பழையதை யார் வாங்குவார்? 2008 இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது பழைய பேப்பர், பிளாஸ்டிக் விலைகள் சடசடவென விழுந்தன. நியூயார்க்கில் ஒரு வங்கி கவிழ்ந்ததற்குப் புனேயிலும் தில்லியிலும் குப்பை பொறுக்கும் பெண் பட்டினி கிடந்தாள். 2020 ஊரடங்கில் காயலான் கடைகளே அடைத்துக் கிடந்தன. வரியும் சேர்ந்துகொள்கிறது. பிளாஸ்டிக் கழிவுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2021 அக்டோபரில் 18 ஆனது. 2024 அக்டோபர் முதல், பதிவு செய்யாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே வரியைக் கட்ட வேண்டும் என்று வந்தது. வியாபாரி தன் சுமையை எங்கே இறக்குவார்? கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துப் பேசுவார். குழுப் பெண்ணுக்கு அது 'இன்னைக்கு ரேட் இல்ல' என்ற ஒரு வாக்கியமாக வந்து சேரும். காரணத்தை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதே ஒரு துணை.

இங்கே காயலான் கடைக்காரர் பற்றி ஒரு வார்த்தை. அவரை வில்லனாக்கிப் பேசுவது தொண்டு நிறுவனங்களின் வழக்கம். எடையில் கை வைப்பவர்கள் உண்டுதான். ஆனால் மகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பத்து மணிக்கு ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுப்பவரும் அவரே. அந்த முன்பணத்தால்தான் பொறுக்குகிறவர் அவர் சொல்லும் விலைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார். கடைக்காரரைத் தாண்டி விற்க வேண்டுமானால் முதலில் அந்த ஐந்நூறுக்கு மாற்று வழி வேண்டும். புனே சங்கம் உறுப்பினர்களுக்கென்று கடன் கூட்டுறவு ஒன்றை ஏற்படுத்தியதும், சரியான எடை போட்டு வாங்கும் பழைய சாமான் கடை ஒன்றைத் தானே நடத்தியதும் இதனால்தான். நான் எந்தக் குழுவுக்கும் முதலில் சொல்லும் யோசனை, தொழிலாளர் துறை முத்திரையிட்ட தராசு ஒன்றை வாங்கு என்பதே. அதன்பிறகு ஒரு நோட்டு. என்ன தேதி, என்ன பொருள், எத்தனை கிலோ, யாரிடம் விற்றது, என்ன விலை. ஐந்து பத்தி போதும். மூன்று மாதம் எழுதினால், பால் கவரைக் கழுவி உலர்த்தி விற்பதற்கும் அப்படியே விற்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதை அந்த நோட்டே சொல்லிக்கொடுக்கும். பயிற்சி முகாம் தேவையில்லை.

கொட்டகைக்கு வருவோம். மக்காத குப்பைக்கு இடம் வேண்டும். எடை குறைவு, இடம் அடைக்கும். லாரி நிறையச் சேர்ந்தால்தான் நல்ல விலைக்குக் கேட்க முடியும். நகரத்தில் இடம் யார் கொடுப்பார்? பெங்களூரு இதற்கு ஒரு விடை கண்டது. மாவள்ளிபுரா கிராம மக்கள் இனி உங்கள் குப்பையை இங்கே கொட்டக்கூடாது என்று 2012ல் லாரிகளை மறித்தார்கள், நகரம் நாறியது, உயர் நீதிமன்றம் தலையிட்டது. வார்டுக்கு ஓர் உலர் கழிவு மையம் என்று மாநகராட்சி அமைக்கத் தொடங்கியது. குப்பை சேகரிப்போருக்கு மாநகராட்சியின் முத்திரையோடு அடையாள அட்டையும் வந்தது. 'ஹசிரு தள' என்ற அமைப்பு, அந்த மையங்கள் பலவற்றைக் குப்பை சேகரிப்பவர்களே நடத்தும்படி முத்தரப்பு ஒப்பந்தம் போட வைத்தது. அதை உருவாக்கிய நளினி சேகர் முன்பு புனே சங்கத்தில் இருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். நேற்று வரை தோளில் கோணி சுமந்த குப்பை சேகரிப்பாளர், இன்று மாநகராட்சிக் கட்டடத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறார். அவருக்கு வேண்டிய உதவி என்னவாக இருந்தது? மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பது, ரசீது எழுதுவது, நிலுவைத் தொகைக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது. ஹசிரு தள ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுத்தார்கள்.

மாறாக, நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன்; ஊரும் நிறுவனமும் வேண்டாம். பெரிய கம்பெனி ஒன்று சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு குழுவுக்குப் பிளாஸ்டிக்கை அழுத்திக் கட்டும் பேலிங் மெஷின் வாங்கித் தந்தது. ரிப்பன் வெட்டிப் படமும் எடுத்தார்கள். மெஷினுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். கொட்டகையில் இருந்தது ஒருமுனை. மெஷின் மேல் துணி காயப்போட்டிருந்தார்கள். குழுத்தலைவி என்னிடம் சொன்னார்: "மிஷின் கேக்கல சார். லைன்தான் கேட்டோம். லைனுக்கு ரிப்பன் வெட்ட முடியாதுன்னாங்க." ஓராண்டுத் திட்டங்களின் கதை பெரும்பாலும் இதுதான். கொடுப்பவருக்குப் படம் வேண்டும். வாங்குபவருக்கு மின் இணைப்பு வேண்டும்.

விலை போகாத அந்தக் கால் பங்குக்கு என்ன வழி? இதில் கேரளம் நமக்கு முன்னே நிற்கிறது. குடும்பஸ்ரீ பெண்களைக் கொண்டு 2017 முதல் ஹரித கர்ம சேனையை ஏற்படுத்தினார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள்; ஊராட்சியில் மாதம் 50 ரூபாய் கட்டணம். கட்டணம் கொடுக்க மறுத்தவர்களோடு தொடக்கத்தில் பெரிய வாக்குவாதம். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து நகரமே புகையில் மூழ்கிய பிறகு, அரசு சட்டத்தை இறுக்கியது. முக்கியமானது இன்னொன்று. சேனை சேர்த்து வைப்பதை எடுத்துக்கொள்ள கிளீன் கேரளா என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. விலை போகும் பொருளுக்குப் பணம் தருகிறது. போகாததை அப்புறப்படுத்தும் பொறுப்பையும் ஏற்கிறது. அந்தப் பெண்கள் வாங்குபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம்மிடம் அரியலூர் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. விற்காத பிளாஸ்டிக்கை அவை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு சிறு குழு லாரி வாடகை கொடுத்து அங்கே அனுப்புவது கட்டுப்படியாகுமா? அந்த வாடகையை உள்ளாட்சியோ, உறையைத் தயாரித்த கம்பெனியோதான் ஏற்க வேண்டும். பொருளுக்கு ஒரு விலை வைத்துவிட்டால் அது தரையில் கிடக்காது என்பதற்கு நீலகிரியே சான்று. உயர் நீதிமன்ற உத்தரவால் 2022ல் அங்கே டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரத் தொடங்கியதும், காட்டில் உடைந்து கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. ஷாம்பு பாக்கெட்டுக்கு அப்படி ஒரு விலையை எந்த நீதிமன்றமும் இன்னும் வைக்கவில்லை.

தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் விதி வந்தது. பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் கம்பெனி, அதே அளவு பிளாஸ்டிக் பதப்படுத்தப்பட்டதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழை உருவாக்கும் உரிமை பதிவு பெற்ற பதப்படுத்தும் ஆலைக்குத்தான். வீட்டு வாசலில் வாங்கியவளுக்கும் தரம் பிரித்தவளுக்கும் அந்தச் சங்கிலியில் இடமே இல்லை. அடுத்த ஆண்டே லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. எடுக்காத குப்பைக்குச் சான்றிதழ் இருக்கிறது, எடுத்த குப்பைக்குக் காசு இல்லை. குழுக்கள் தனித்தனியே இதை மாற்ற முடியாது. பல குழுக்கள் சேர்ந்து ஒரே ஆலையோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, சான்றிதழ்ப் பணத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று பங்கு கேட்கலாம். அதற்கு ரசீது வேண்டும், எடைச்சீட்டு வேண்டும். மறுபடியும் அந்த ஐந்து பத்தி நோட்டுதான்.

ஆலோசனைக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன், குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்கி, ஊர் அருகிலேயே சிறு கொட்டகைகளில் நுணுக்கமாகத் தரம் பிரிக்கும் முறையை வேலூர் மாவட்டத்தில் நடத்திக் காட்டியவர். சத்தீஸ்கரின் அம்பிகாபூரில், மாவட்ட ஆட்சியர் ரிது சைன் 2015ல் அவரை அழைத்துக்கொண்டார். சுயஉதவிக் குழுப் பெண்கள் நானூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். குப்பையை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்தார்கள்; கட்டணமும் விற்பனையும் சேர்ந்து அவர்களுக்கு மாத ஊதியமானது. பழைய குப்பைக் கிடங்கு பூங்காவானது. அங்கே அது ஏன் நிலைத்தது என்று கேட்டால், ஆலோசகர் வந்தார் என்பது பாதி விடை. பெண்கள் தனித்தனிக் குழுக்களாக நிற்காமல் நகர அளவில் ஒரே கூட்டமைப்பாகப் பதிவு செய்துகொண்டார்கள். ஆட்சியர் மாறிப் போன பிறகும் அந்தக் கூட்டமைப்பு இருந்தது. வேலூர்க்காரர் சொன்ன யோசனை அம்பிகாபூரில் அமைப்பாக மாறியது. நம் ஊர்களில் அது பெரும்பாலும் மாதிரித் திட்டமாகவே நிற்கிறது.

தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். நகரங்களில் நுண் உரக்கூடங்களும் வளமீட்பு மையங்களும் கட்டியிருக்கிறார்கள். 14 வகை ஒருமுறை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. கட்டடம் உண்டு, ஆள் உண்டு. அந்த ஆளின் நிலை என்ன என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நிற்பவர். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் அமர்ந்திருந்தது, தங்கள் மண்டலங்களின் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்துத்தான். கால் நூற்றாண்டாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

சட்டம் பக்கத்தில்தான் இருந்தது. 2016ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 15வது விதி, குப்பை சேகரிப்போர் அமைப்புகளை உள்ளாட்சி அங்கீகரிக்க வேண்டும், சுயஉதவிக் குழுக்கள் அமைக்க உதவ வேண்டும், அடையாள அட்டை தர வேண்டும், தரம் பிரிக்க இடம் தர வேண்டும் என்றெல்லாம் சொன்னது. பின்னர் மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் குப்பை சேகரிப்போரையும் கணக்கெடுத்து அட்டையும் மருத்துவக் காப்பீடும் தரத் தொடங்கினார்கள். அந்த 15வது விதியை அச்செடுத்து, மனுவோடு இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிய குழுக்கள் எத்தனை? என் அனுபவத்தில் மிகக் குறைவு. மனு எழுத ஆள் இல்லை.

பதிவு செய்வது எப்படி என்றும் பலர் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1975ன் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்வது எளிது, ஆனால் லாபத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. 1983ன் கூட்டுறவுச் சட்டத்தில் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் துறையின் பிடி இறுக்கம். அந்தப் பிடியில் ஒரு விரலாக இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம். ஊதியப் பேரம் நோக்கமானால் தொழிற்சங்கம். எது வேண்டும் என்பதை, வரும் பணத்தை யார் கையில் சேர்க்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை பொருள் விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநில ஆலைக்கு விற்றால் அந்தச் சலுகை இல்லை. மின்னணுக் கழிவை உடைக்காதீர்கள். அனுமதி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. சேர்த்து அவரிடமே கொடுங்கள். செல்போன் பேட்டரியைப் பேப்பர் குவியலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கொட்டகைக்குத் தீக்காப்பீடு எடுங்கள். வீட்டுக்காரர்களிடம் கேட்க ஒன்று உண்டு. புனேயில் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைத்துத் தனியே கொடுக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார்கள். நாப்கின் கம்பெனிகளுக்கே அந்தக் குப்பையை மூட்டை கட்டி அனுப்பியும் வைத்தார்கள். வெறுங்கையால் பிரிக்கும் பெண்ணுக்கு அந்தச் சிவப்புப் பொட்டு போதும், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துவிடும்.

இக்கல்லூரியில் வணிகவியல் துறை இருக்கிறது, நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் நலப்பணி மாணவர்கள் தெருவைப் பெருக்குகிறார்கள், படம் வருகிறது. அது போகட்டும். இந்த நகரத்தில் வளமீட்பு மையம் நடத்தும் குழுக்களில் ஒன்றை வணிகவியல் துறை இந்த ஜூனில் தத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாரம் ஒருநாள் இரண்டு மாணவர்கள் போய் அந்த ஐந்து பத்தி நோட்டை எழுதிக் கொடுங்கள். மாதக் கடைசியில் வரவு செலவுப் பட்டியல் போடுங்கள். மாநகராட்சிக்குப் போக வேண்டிய மனுவைத் தட்டச்சு செய்து, விதியின் நகலை இணைத்து, ஒப்புகை வாங்கி வாருங்கள். ஓராண்டில் நிறுத்திவிடாதீர்கள், அடுத்த ஆண்டு மாணவர்களிடம் நோட்டை ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் எனக்குத் தரும் மதிப்பூதியத்தை அந்தக் குழுவுக்கு ஒரு முத்திரைத் தராசு வாங்க ஒதுக்கும்படி கல்லூரி முதல்வர் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.